பின்னறைக் கணினிக்கும் அதே பிரிண்டர்: கேபிள் இழுத்ததிலிருந்து கடதாசி வந்தது வரை

பின்னறையில் இருந்து கொடுக்கும் பக்கம் இப்போது முன்னறை பிரிண்டரில் வந்து விழுகிறது. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், நடுவில் ஒரு சுவர். கேட்கச் சின்ன வேலைதான். செய்யத் தொடங்கினால் வயரின் நீளம், கல்வீட்டுச் சுவர், விண்டோஸ் கணக்கு, கடதாசியின் அளவு என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு மறித்தது. யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரே பிரிண்டரை வைத்துக்கொண்டு ஓடும் சின்ன அலுவலகங்கள் நிறைய. ஆருக்காவது உதவும் என்று நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

எங்களுடையது கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, கிட்ட இருக்கும் ஒரு மொழிபெயர்ப்பு, தட்டச்சு நிலையம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாக அத்தாட்சி, காணி உறுதி, சத்தியக்கடதாசி, இவைதான் அன்றாட வேலை. இடம் ஒரு பழைய கல்வீடு. முன் விறாந்தையை அடைத்து எடுத்த அறையில் விண்டோஸ் 10 கணினியும், அதோடு யூஎஸ்பி வயரால் பொருத்திய கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரும். பின்னறையில் விண்டோஸ் 11 கணினி, அதில் அக்கா தட்டச்சு செய்வார். பிரிண்டரில் நெட்வேர்க் துளையும் இல்லை, வைஃபையும் இல்லை. ஆனால் நன்றாக உழைக்கிற மெசின். அதை மாற்றுகிற எண்ணம் ஒருவருக்கும் இல்லை.

இதுவரை பென் டிரைவில்தான் காலம் போனது. "தம்பி, இதை ஒருக்கா முன்னுக்குக் கொண்டுபோய் அடிச்சுத் தாறியா?" என்று அக்கா கேட்காத மணித்தியாலம் இல்லை. நடப்பது பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை பாமினி எழுத்துரு. பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கோப்புக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். அதற்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு மட்டுமே. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளும். முன் கணினியிலும் பாமினியைப் போட்டுப் பார்த்தோம். அப்போது எழுத்து வந்தது, ஆனால் வேர்ட் பதிப்பு வேறு என்பதால் வரி உடையும் இடம் மாறியது. இரண்டு பக்கத்தில் முடிய வேண்டிய மொழிபெயர்ப்பின் கையொப்ப வரி மட்டும் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடும். முத்திரை குத்த வேண்டிய கடதாசியில் அது சரிவராது. பீடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வந்திருப்பவர் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டுப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றச் சொன்னால், திரும்ப உள்ளே போய், திருத்தி, திரும்பப் பீடிஎஃப் ஆக்கி, திரும்பப் பென் டிரைவ். அடித்த கணினியில் இருந்தே அச்சுக் கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இதுதான். பக்கம் எந்தக் கணினியில் உருவாகிறதோ அந்தக் கணினியின் எழுத்துருதான் பிரிண்டருக்குப் போகும்.

முதலில் பார்த்தது யூஎஸ்பி ஸ்விட்ச். ஒரு பக்கம் பிரிண்டர், மறுபக்கம் இரண்டு கணினி, நடுவில் அமுக்குகிற பொத்தான். 1,900 ரூபாவுக்கு வாங்கினேன். இரண்டு மேசையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. நெட்வேர்க் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், மற்றக் கணினி நிறுத்தியிருந்தாலும் வேலை செய்யும். எங்கள் சிக்கல் தூரம். கதவு வழியாகச் சுற்றிப் பிரிண்டருக்குப் போக 9 மீற்றர் வந்தது. யூஎஸ்பி 2.0 வயர் 5 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. தெரிந்த ஒருவரிடம் 10 மீற்றர் வயர் ஒன்று இருந்தது, அதையும் போட்டுப் பார்த்தோம். கணினி "டிங்" என்று சத்தம் போடும், பிரிண்டரை மட்டும் தெரியாத சாதனம் என்று காட்டும். நடுவில் சிப் வைத்து நீட்டுகிற வயர்களும் கடையில் உண்டு. கதவுக்குக் கீழே அதை ஓடவிட்டு, ஆட்கள் மிதித்துத் திரிய நான் விரும்பவில்லை.

வைஃபையையும் சோதித்தேன். ரவுட்டர் முன்னறையில். நடுவில் இருப்பது சுண்ணாம்புக் கல்லால் கட்டிய, ஏறக்குறைய ஒன்றரை அடி தடிப்புள்ள சுவர். பின்னறையில் சிக்னல் ஒரு கோடுதான். மற்றக் கணினி பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் பார்த்தால் ஒரு பதில் 3 மில்லி விநாடியில் வரும், அடுத்தது 400இல் வரும், அதற்கடுத்தது வரவே வராது. ஒரு பக்கக் கடிதம் போய்விடும். ஸ்கான் செய்த காணி உறுதி மாதிரிக் கனமான கோப்பு பாதியில் நிற்கும். கேபிள் இழுக்காமல் முடியாது என்று தெரிந்தது.

சுவரில் ட்றில் வைத்தேன். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கல் ட்றில் பிட் சுவரின் பாதிக்குக்கூடப் போகாது. அதோடு பழைய சுண்ணாம்புப் பூச்சு துளையைச் சுற்றிப் பாளம் பாளமாகக் கழன்றது. அங்கேயே நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தால், ஓட்டுக் கூரைக்கும் சுவரின் தலைக்கும் இடையில் வளை போகிற இடத்தில் நல்ல இடைவெளி இருக்கிறது. பழைய வீடுகளில் இது வழமை. ஏணி வைத்து அதன் மேலால் கேபிளை எடுத்துவிட்டேன். துளையே தேவைப்படவில்லை. ஆனால் ஏறி இறங்குகிற பாதை என்பதால் நீளம் கூடிவிடும். ஒரு சணல் கயிற்றைப் பாதை முழுக்க ஓடவிட்டு அளந்தபோது 17 மீற்றர். நெட்வேர்க் கேபிள் 100 மீற்றர் வரை போகும் என்பதால் கவலை இல்லை. இரண்டு அந்தத்திலும் சுருள் வைக்க 20 மீற்றர் வாங்கினேன். கரண்ட் வயர் ஓடும் பக்கத்தை விட்டு மற்றப் பக்கச் சுவரால் இறக்கினேன். கண்ணில் படுகிற இடங்களில் மட்டும் வயர் மூடுகிற பிளாஸ்டிக் பட்டி அடித்தேன்.

பிளக் அடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில் அவசரப்பட்டால் பிறகு எங்கே பிழை என்று தேடியே பொழுது போகும். கேபிளின் மேல் தோலை ஓர் அங்குலம் உரித்தால் உள்ளே முறுக்கிய நான்கு சோடி. முறுக்கை அவிழ்த்து, பிளக்கின் கொளுக்கி கீழே இருக்கும்படி பிடித்து, இடமிருந்து வலமாக வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம் என்று அடுக்க வேண்டும். பார்க்க வேண்டியது பச்சைச் சோடியை. அது பிரிந்து, நீலச் சோடியின் இரு பக்கமும் நிற்கும். நான்கு சோடியையும் நிறம் நிறமாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் என்ன என்று பலர் கேட்பார்கள். அப்படிச் செய்து இரண்டு அந்தத்திலும் ஒரே மாதிரி அடித்தால், சின்ன டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், எல்லாம் சரி என்றே காட்டும். ஆனால் தரவு போகிற 3ஆம் 6ஆம் கம்பிகள் ஒரே முறுக்கில் இல்லாததால் ஒன்றின் இரைச்சல் மற்றதில் ஏறி, வேகம் விழும், இணைப்பு விட்டு விட்டு வரும். அந்த டெஸ்டர் கம்பி தொடர்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், சோடி சரியா என்று பார்க்காது. கண்ணால்தான் நிறத்தைப் பார்க்க வேண்டும். நுனிகளை ஒரே வெட்டில் நேராக வெட்டி, எட்டுக் கம்பியின் செம்பும் பிளக்கின் முன்சுவரில் முட்டி நிற்பதை முன்னால் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் கிரிம்பிங் குறட்டை அமுக்கினேன். வெளித்தோலும் பிளக்குக்குள் கொஞ்சம் போய் அகப்பட வேண்டும், இல்லாவிட்டால் இழுக்கிற ஓர் இழுவைக்குக் கழன்றுவிடும்.

ரவுட்டரின் பின்னால் நெட்வேர்க் கேபிள் கொழுவ நான்கு லான் துளை. முன் கணினிக்கு ஒன்று, பின் கணினிக்கு ஒன்று. தனி நெட்வேர்க் ஸ்விட்ச் வாங்கத் தேவை வரவில்லை. பிங் இப்போது எல்லாம் ஒரு மில்லி விநாடிக்குள்.

இனி விண்டோஸ். முன் கணினிக்கு ரவுட்டரிலேயே 192.168.1.20 என்ற முகவரியை ஒதுக்கிவிட்டேன். இல்லாவிட்டால் கரண்ட் போய் வருகிற ஒரு நாளில் முகவரி மாறி, பிரிண்டர் காணாமல் போய்விடும். கணினிப் பெயரை வைத்தும் தேடலாம், ஆனால் பெயர் ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. எண் நம்பலாம். இரண்டு கணினியிலும் நெட்வேர்க்கைப் "பிரைவேட்" என்று மாற்றி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கைத் திறந்துவிட்டேன். முன் கணினியில் பிரிண்டர் புரொப்பட்டீஸுக்குப் போய், ஷேரிங் பகுதியில் குறி போட்டு, பகிர்பெயரை ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் சின்னதாக வைத்தேன்.

அடுத்த தடை கணக்கு. பின் கணினியில் இருந்து திறந்தால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். முன் கணினி நான்கு இலக்கப் பின் (PIN) எண்ணில் திறப்பது. அந்த எண் அந்தக் கணினியின் முன்னால் இருந்து திறக்க மட்டும்தான், நெட்வேர்க் வழியாக ஏற்காது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் நெட்வேர்க்கில் உள்ளே விடாது. கடவுச்சொல் கேட்பதையே நிறுத்திவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். புதிய விண்டோஸ் 11 பெயரில்லாத விருந்தாளி இணைப்பை இயல்பாகவே மறுக்கிறது, அதோடு ஆட்களின் அத்தாட்சிப் பத்திரங்கள் கிடக்கிற கணினியை அப்படித் திறந்து விடவும் கூடாது. அதனால் முன் கணினியில் அச்சுக்கு மட்டும் என்று நிர்வாக உரிமை இல்லாத ஒரு தனி லோக்கல் கணக்கு உருவாக்கி, அதற்கு நல்ல கடவுச்சொல் வைத்தேன். பின் கணினியின் கிரெடென்ஷியல் மனேஜரில் 192.168.1.20 என்ற முகவரிக்கு அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் சேமித்தேன். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

கோப்புறை திறக்கிறது, பிரிண்டரின் படம் தெரிகிறது, இரட்டைச் சொடுக்குப் போட்டால் "11பி" என்று முடியும் பிழை எண். 2021 செப்டெம்பர் விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு பல அலுவலகங்களில் வந்த அதே எண்தான். பிரிண்டர் இணைப்பில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காக அந்தப் புதுப்பிப்பு விதியை இறுக்கியது. இரண்டு பக்கமும் அதற்கு ஒத்துவராவிட்டால் இணைப்பு மறுக்கப்படும். விண்டோஸின் உள் அமைப்புகள் கிடக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணைச் சுழியம் ஆக்கினால் போய்விடும் என்று இணையம் முழுக்க எழுதியிருக்கிறது. போகும்தான், ஆனால் அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறப்பதும் அதுவே. நான் அதைத் தொடவில்லை. முன் கணினி டேட்டா மிச்சம் பிடிக்கப் புதுப்பிப்பை நிறுத்தி வைத்திருந்தது, முதலில் அதை முழுதாகப் புதுப்பித்தேன். அதற்குப் பிறகும் பிழை போகவில்லை.

வேலை செய்தது லோக்கல் போர்ட் வழி. போர்ட் என்றால் தரவு பிரிண்டருக்குப் போகும் வாசல். பின் கணினியில் அந்தப் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து இறக்கி நிறுவினேன். பிரிண்டர் சேர்க்கும் இடத்தில் "லோக்கல் பிரிண்டர்" என்று தெரிவுசெய்து, புதிய போர்ட், வகை லோக்கல் போர்ட். போர்ட்டின் பெயர் கேட்கும் பெட்டியில் இரண்டு பின்சாய்கோடு, முகவரி, இன்னொரு பின்சாய்கோடு, பகிர்பெயர் என்று ஒரே வரியாக அடிக்க வேண்டும். கடவுச்சொல் முதலே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று போர்ட்டையே உருவாக்க விடாது. பிறகு டிரைவரைத் தெரிவுசெய்தால் முடிந்தது. இந்த வழியில் பின் கணினி பக்கத்தைத் தானே தயாரித்து, ஒரு கோப்பை எழுதுவது போல முன் கணினியின் பகிர்வுக்குள் எழுதிவிடுகிறது. பிழை வருகிற அந்தப் பிரிண்டர் உரையாடல் நடப்பதே இல்லை. சோதனைப் பக்கம் முன்னுக்கு வந்தது. அதற்குப் பிறகு பாமினியில் ஒரு பிறப்பு அத்தாட்சி கொடுத்தோம். எழுத்தும் வரியும் அக்காவின் திரையில் இருந்தபடியே இருந்தன.

இதில் இழப்பதும் ஒன்று உண்டு. டோனர் குறைந்தது, கடதாசி சிக்கியது போன்ற செய்தி பின்னறைக்கு வராது. பிரிண்டர் பேசுவது முன் கணினியோடு மட்டும்தான். எங்களுக்கு அது பரவாயில்லை, முன்னறையில் எப்போதும் ஒருவர் இருப்பார்.

அடுத்தது கடதாசி. முதல் வாரத்தில் பின்னறையில் இருந்து கொடுத்தால் பிரிண்டரின் விளக்கு மினுங்கிக்கொண்டு நிற்கும், கடதாசி இழுக்காது. டிரைவர் நிறுவும்போது அளவு "லெட்டர்" என்று இருந்திருக்கிறது. தட்டில் இருப்பது ஏ4. லெட்டர் கடதாசி வைக்கும் வரை மெசின் காத்திருக்கிறது. பிரிண்டிங் பிரிஃபரன்சஸில் ஏ4 ஆக்கியதும் சரி. உறுதிக்கும் சத்தியக்கடதாசிக்கும் எங்களிடம் வருபவர்கள் கேட்பது லீகல் அளவு, 216க்கு 356 மில்லிமீற்றர். ஏ4 என்றால் 210க்கு 297. ஒவ்வொரு முறையும் அளவை மாற்றுவதும் திருப்புவதும் தொல்லை. அதனால் பின் கணினியில் அதே போர்ட்டில், அதே டிரைவரில் இரண்டாவது பிரிண்டர் ஒன்றைச் சேர்த்தேன். ஒன்றுக்குப் பெயர் "ஏ4", மற்றதுக்கு "லீகல்". லீகலில் அளவையும் கையால் கடதாசி வைக்கும் துளையையும் முதலே தெரிவுசெய்து வைத்தாயிற்று. மெசின் ஒன்றுதான், அச்சுக் கொடுக்கும் பட்டியலில் இரண்டாகத் தெரியும். இந்த முழு வேலையிலும் அக்காவுக்கு அதிகம் பிடித்தது இதுதான். அதோடு விண்டோஸ் தானே இயல்புப் பிரிண்டரை மாற்றும் அமைப்பையும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு லீகல் அடித்த பிறகு எல்லாமே லீகலுக்குப் போகும்.

முன் கணினி தூங்கினால் பின்னறைக்கு அச்சு இல்லை. அதன் ஸ்லீப்பை "ஒருபோதும் இல்லை" என்று வைத்தேன், திரை மட்டும் அணையும். காலையில் முதலில் வருபவர் முன் கணினியைப் போட வேண்டும் என்பது இப்போது அலுவலகப் பழக்கம். கரண்ட் நின்றால் என்ன என்பதையும் பார்த்தோம். இரண்டு கணினிக்கும் ரவுட்டருக்கும் யூபிஎஸ் உண்டு. லேசர் பிரிண்டரை அதில் கொழுவக் கூடாது. டோனரை உருக்குகிற சூட்டு உருளை பல நூறு வாட் இழுக்கும், எங்களிடம் இருக்கும் 650 விஏ பெட்டி அதைத் தாங்காது. பிரிண்டர் சுவர் பிளக்கில்தான்.

அச்சு வேலை நடுவில் கரண்ட் போனால் சில நேரம் வரிசை சிக்கி நிற்கும், அழித்தாலும் "அழிக்கிறது" என்றே காட்டிக்கொண்டிருக்கும். முன் கணினியில் சேவைகள் பட்டியலில் அச்சு வரிசையை நடத்தும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று போய் உள்ளே இருப்பதை மட்டும் அழித்து, ஸ்பூலரைத் திரும்பத் தொடக்கினால் சரியாகிவிடும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் கொடுத்தால் பக்கங்கள் கலக்குமா என்று முதலாளி ஐயா கேட்டார். ஒரு வேலை முடிந்துதான் அடுத்தது தொடங்கும், ஒன்றின் நடுவில் மற்றது நுழையாது. ஆனால் தட்டில் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒருவருடைய அத்தாட்சிப் பத்திரம் இன்னொருவரின் உறைக்குள் போனால் அது பெரிய பிழை. பிரிப்புத் தாள் போடும் வசதி விண்டோஸில் உண்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கடதாசி வீண். அதற்குப் பதில் ஒவ்வொரு கோப்பின் அடியிலும் எங்கள் பற்றுச்சீட்டு எண்ணைச் சின்ன எழுத்தில் போடுகிறோம், உறையில் போடும்போது அதை ஒப்பிடுகிறோம்.

செலவு: கேபிள் 20 மீற்றர், மீற்றர் 120 ரூபாவாக 2,400. பிளக் 10, ஒன்று 30 ரூபாவாக 300. பிளாஸ்டிக் பட்டி நான்கு, 1,000. மொத்தம் 3,700 ரூபா. கிரிம்பிங் குறடும் டெஸ்டரும் நண்பரிடம் இரவல். யூஎஸ்பி ஸ்விட்ச் இந்தக் கணக்கில் இல்லை, அது வீட்டில் இரண்டு மடிகணினிக்கு நடுவில் வேலை செய்கிறது.

கணினியே தேவைப்படாமல் யூஎஸ்பி பிரிண்டரை நெட்வேர்க்கில் போடுகிற பிரிண்ட் சேர்வர் பெட்டிகளும் உண்டு. டிபி-லிங்கின் டிஎல்-பிஎஸ்110யூ அப்படியானது. வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் பிரிண்டரின் வகையைப் பார்க்க வேண்டும். எச்பி லேசர்ஜெட் 1020 மாதிரிச் சில மெசின்களில் உள் மென்பொருள் மெசினிலேயே தங்காது, ஒவ்வொரு முறை போடும்போதும் கணினியின் டிரைவர்தான் அதை ஏற்றும். வெறும் தரவைக் கடத்துகிற பெட்டிக்கு அது முடியாது. பல லேசர் பிரிண்டர்களுக்குப் பொதுவான பிசிஎல் என்ற அச்சு மொழி புரிகிற பிரிண்டர் என்றால் தாராளமாகப் போடலாம்.

இன்னொருமுறை செய்தால் கேபிளை ஒன்றாக இழுக்காமல் இரண்டாக இழுப்பேன். ஏணி ஏறி ஓட்டுக்குக் கீழே கையை விடுகிறதுதான் கஷ்டம், இரண்டாவது கேபிளுக்குக் கூடுவது 2,400 ரூபாதான். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் முன் கணினியை மாற்றத்தான் வேண்டும். புதிது வரும்போது அதற்கும் 192.168.1.20 என்ற முகவரி, அதே பகிர்பெயர், அதே அச்சுக் கணக்கு என்று வைத்தால் பின்னறையில் ஒன்றையும் தொடத் தேவையில்லை. ஸ்கானர் இன்னும் முன் கணினியோடு மட்டும்தான் இருக்கிறது. பின்னறைக்கு அதைக் கொண்டுபோக, ஸ்கான் செய்யும் கோப்புறை ஒன்றை அதே கணக்கில் பகிர்ந்து பார்க்கப் போகிறேன்.